மலைப் பக்கம் சுட்டவர்கள்

கழிகளை ஒன்றோடொன்று கம்பியால் இறுக்கி, நுனியில் ஆப்பிளைச் செருகி, மிலிசாவ் அதைக் களஞ்சியத்தின் மூலைக்கம்பத்தோடு சேர்த்து நிறுத்தினான். அடியை அவன் தம்பி கோய்கோ பிடித்துக்கொண்டான். கூரைக்கு மேலே, பிளம் மரங்களுக்கு மேலே, ஆப்பிள் ஒரு சிவப்புப் புள்ளியாகச் சிறுத்துப்போய் நின்றது.

"இன்னும் கொஞ்சம் தூக்குண்ணே. மாப்பிள்ளை ஊர்க்காரனுங்க சாயங்காலம் வரைக்கும் சுடட்டும்."

"கட்டியாச்சு. விடு."

மிலிசாவின் மனைவி விதோசாவா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் இலை. அதைப் பானையில் வைத்தாள். அடுத்த இலையை எடுத்தாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு முற்றத்துக்கு வந்தாள்.

இளையவள் நெவெனாவைப் பெண் கேட்டு வந்த குளிர்காலத்திலேயே அவள் புருஷனிடம் சொல்லியிருந்தாள். எல்லாம் நடக்கட்டும். பந்தல், பன்றி, வாத்தியம், எத்தனை பீப்பாய் சாராயம் வேண்டுமானாலும். ஆப்பிள் மட்டும் வேண்டாம். மிலிசாவ் தலையசைத்தான். அவன் தலையசைப்பை அவள் வாக்கு என்று எடுத்துக்கொண்டாள். ஆப்பிள் கட்டினால் மாப்பிள்ளை அதைச் சுட்டு விழுத்தவேண்டும். விழுந்தால்தான் வாசல் திறக்கும், பெண் வெளியே வருவாள். அது விழும்வரை மாப்பிள்ளை சுடுவான். அவன் குறி தப்பினால், அவனோடு வந்தவர்கள் சுடுவார்கள். விழுந்ததும் சந்தோஷத்தில் எல்லோரும் சுடுவார்கள். இந்தப் பக்கத்து ஆண்களும் பதிலுக்குச் சுடுவார்கள், இல்லையென்றால் மரியாதை இல்லை.

"வேணாம்னு சொன்னேன்ல," என்றாள்.

"ஒரே ஒரு ஆப்பிள், விதா. அது இல்லாம பொண்ணக் குடுத்தா பொண்ணுல என்ன குறைன்னு கேப்பாங்க."

"மூத்தவளுக்கு ஒரு குறையும் இல்ல."

மிலிசாவ் கம்பியின் மிச்சத்தைச் சுருட்டினான். கோய்கோ தொண்டையைச் செருமிக்கொண்டு, பன்றி வேகிறதா என்று பார்க்கப் போனான். பன்றியைப் பார்க்க ஏற்கனவே ஆள் இருந்தார்கள்.

மூத்தவள் யாகோதா. கோய்கோவின் மகன் ராணுவத்துக்குப் போகிறான் என்று இதே முற்றத்தில் விருந்து வைத்து, ஆண்களெல்லாம் வானத்தைப் பார்த்துச் சுட்டுக் கொண்டாடிய அன்று செத்தாள். ரொட்டித் தட்டோடு பந்தலுக்குப் போய்க்கொண்டிருந்தவள், பாதியில் யாரோ கூப்பிட்டதுபோல நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். "சாராயத்த மோந்து பாத்ததுக்கே இவ்வளவா?" என்று யாரோ சொன்னார்கள், பெஞ்சு முழுவதும் சிரித்தது. வாத்தியக்காரர்கள் அந்தப் பாட்டை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினார்கள். ரத்தம் அதிகம் இல்லை. முடிக்குள் இருந்தது. விதோசாவா மகளின் தலையைத் தூக்கியபோது உள்ளங்கையில் சூடாகப் பட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் போலீஸ் வந்தது. அதற்குள் எல்லாத் துப்பாக்கிகளும் துடைத்து எண்ணெய் போட்டுப் பரணுக்குப் போய்விட்டன. ஒவ்வொருவனாகக் கேட்டார்கள். சுட்டேன், என்றான் ஒவ்வொருவனும். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மலைப் பக்கம் சுட்டேன். வீட்டுப் பக்கம் யாரும் சுடவில்லை. கோய்கோ மலைப் பக்கம். தபால்காரன் மலைப் பக்கம். பாதிரியாரின் மச்சான்கூட மலைப் பக்கம். கல்யாணமாகாத பெண் என்பதால் யாகோதாவை மணப்பெண் உடுப்பில் வைத்துப் புதைத்தார்கள். மலைப் பக்கம் சுட்டவர்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள்.

அடுத்த புத்தாண்டுக்கு ஊர் மறுபடி சுட்டது. இவர்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுட்டார்கள். துக்க வீட்டுக்கு மரியாதை.

விதோசாவா வீடு வீடாகப் போனாள். அடுப்படியில், தொழுவத்தில், சாராயம் காய்ச்சும் கொட்டகையில் நிறுத்திக் கேட்டாள். எந்தப் பக்கம் சுட்டாய்? அவர்களுக்கும் அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. காப்பி கொடுத்தார்கள். கேட்டுக் கேட்டு ஊரில் எல்லா ஆண்களையும் கேட்டு முடித்தாள், ஒருவனைத் தவிர. அவனோடு ஒரே படுக்கையில் படுத்தாள், ஒரே தட்டில் உப்பு தொட்டாள். அவனிடம் மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

மேட்டுச் சாலையில் ஹாரன் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டுக் கார்கள். கண்ணாடிகளில் துண்டு கட்டி, பூக்கட்டி வரும். கேட்கக் கேட்கவே முதல் வெடி. காரிலிருந்தே சுடுகிறார்கள். இன்னொன்று. பிறகு தொடர்ந்து, படபடவென்று. அது வேட்டைத் துப்பாக்கி இல்லை, சண்டைக்காலத்துச் சாமான். முற்றத்தில் பெண்கள் சட்டையில் குத்தும் ரோஸ்மேரிக் கொத்துகளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். யாரும் மேலே பார்க்கவில்லை. மழைத்தூறலுக்குக்கூட நிமிர்ந்து பார்க்கிற ஜனம்.

அவள் விறகுக் கட்டையில் குத்தியிருந்த கோடரியைப் பிடுங்கினாள்.

கழி மணிக்கட்டுப் பருமன்கூட இல்லை. முதல் வெட்டில் பிளந்தது, அடுத்ததில் முறிந்தது. மேலே ஆப்பிள் ஒரு கணம் தயங்கிவிட்டு, பெரிய வளைவாக மக்காச்சோளத்துக்குள் போய் விழுந்தது.

"அண்ணிக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு!" கோய்கோ கத்தினான். "அண்ணே, இங்க பாரு!"

அவள் சோளத்துக்குள் போய் ஆப்பிளைத் தேடி எடுத்தாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு, வேகமாக நடந்து, கார்கள் வந்து நிற்கிற அதே நேரத்துக்கு வாசலில் போய் நின்றாள். கதவு மூடியிருந்தது. கதவுக்கு வெளிப்பக்கம் அவள்.

மாப்பிள்ளை ஓக்னியன் இறங்கினான். நல்ல பையன். பட்டணத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அவன் கையில் யாரோ வேட்டைத் துப்பாக்கியைக் கொடுத்திருந்தார்கள். பின்னால் அவன் அப்பா புதிமிர், சட்டையில் பூ, இடுப்பில் கைத்துப்பாக்கி, முகமெல்லாம் சிவப்பு.

"என்ன சம்பந்திம்மா, எங்க பையனுக்குக் குறி வராதுன்னு நீங்களே பறிச்சுட்டு வந்துட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. அக்கார்டியன்காரன் ஒரு சின்னக் கிண்டல் மெட்டு வாசித்தான்.

விதோசாவா கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். தோள் உயரத்தில் உள்ளங்கையில் ஆப்பிள்.

"சுடுங்க," என்றாள்.

அக்கார்டியன் இன்னும் இரண்டு சுரம் போய் நின்றது.

"ஏன் நிக்கிறீங்க? பக்கத்துலதான் இருக்கு. தப்பவே தப்பாது. தப்பினாலும் யார் சுட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அத்தை," என்றான் ஓக்னியன். "நான் யாரையும் காயப்படுத்த..."

"யாரும் யாரையும் எதுவும் பண்ணலப்பா. எம் பொண்ணு மேல வானத்துலேருந்து குண்டு தானா விழுந்துச்சு."

புதிமிரின் முகத்தில் சிரிப்பு வடிந்தது. "பாருங்கம்மா. உங்க வீட்டுல நடந்தது பெரிய கொடுமை. நாங்களும் மெழுகுவத்தி ஏத்தியிருக்கோம். அதுக்காக ஆப்பிள் விழாம ஒரு பொண்ண எங்க வீட்டுக்குள்ள எப்படிக் கூட்டிட்டுப் போறது? ஊர்ல தலை காட்ட முடியுமா? கார் திரும்பணும்னா திரும்பிடும். சொல்லுங்க."

"துப்பாக்கியெல்லாம் கார்லயே வச்சுப் பூட்டுங்க. பொண்ணு வருவா. இல்லன்னா இதச் சுட்டு விழுத்திட்டுக் கூட்டிட்டுப் போங்க. வேற வழி கிடையாது."

மாடி ஜன்னல் திறந்தது. நெவெனா, முழு வெள்ளையில். ஒரு காதில்தான் தோடு போட்டிருந்தாள்.

"அம்மா! உள்ள வா. எல்லாத்தையும் கெடுக்காத."

விதோசாவா நிமிரவில்லை.

"இது என் கல்யாணம்மா. அக்காவோடது இல்ல!"

நீட்டிய கை கீழே சரியத் தொடங்கியது. அவள் மறுபடி தோள் உயரத்துக்குத் தூக்கினாள். இந்தக் கை இப்போது சரிந்ததே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. வெட்கப்படவேண்டியவர்கள் எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள், இந்தக் கை சரிகிறது.

உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொண்டு கோய்கோ வந்தான். பின்னால் மிலிசாவ்.

"அண்ணி, ஆளுங்க முன்னாடி பழசக் கிளறாதீங்க. அன்னிக்கு நாங்க எல்லாருமே மலைப் பக்கம்தான் சுட்டோம். ஆயிரம் தடவ சொல்லியாச்சு."

"அந்த மலை எப்படிடா இன்னும் நிக்குது?" என்றாள். "ஊரே சேந்து சுட்டிருக்கீங்க. ஒரு கிளைகூட ஒடியல. ஒரு முயல்கூடச் சாகல. ஊர்ல சேதமானது மொத்தம் எம் பொண்ணு தலை ஒண்ணுதான்."

கோய்கோ ஓரடி பின்வாங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.

அவள் புருஷனைப் பார்த்தாள். புதுச்சட்டை. காலையில் சவரம் செய்தபோது தாடையில் கிழித்துக்கொண்ட இடத்தில் ஒரு துணுக்குக் காகிதம் ஒட்டியிருந்தது. அன்றைக்கும் புதுச்சட்டைதான் போட்டிருந்தான். சுட்டான். அவளே பார்த்தாள். தம்பி தோளில் ஒரு கை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, இன்னொரு கையில் துப்பாக்கி. அவள் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். அந்த ரொட்டியைத்தான் தட்டில் அடுக்கி யாகோதாவிடம் கொடுத்தாள்.

"நீ எந்தப் பக்கம் சுட்ட, மிலிசாவ்?"

ஒரு குழந்தை காருக்குள்ளிருந்து தண்ணீர் கேட்டது.

மிலிசாவ் மலையைப் பார்த்தான். களஞ்சியத்தைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை. மெல்ல நடந்து வந்தான். அவள் உள்ளங்கையிலிருந்து ஆப்பிளை எடுத்தான். அவளைத் தோளால் லேசாகத் தள்ளி, அவள் நின்ற இடத்தில் நின்றுகொண்டான். கையை நீட்டவில்லை. ஆப்பிளைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளைக்கு நேராக நின்றான்.

"மாமா," என்றான் ஓக்னியன். "மாமா, வேணாம்."

"துப்பாக்கிய எறக்குடா முட்டாள்," என்றார் புதிமிர். மகன் அதைத் தூக்கவே இல்லை.

அப்போது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் வெடித்தது. அங்கேயும் சனிக்கிழமை, அங்கேயும் ஒரு கல்யாணம். முதலில் ஒற்றை வெடி, பிறகு படபடவென்று ஒரு நீளமான சரம். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், பந்தல்காரர்கள், அக்கார்டியன்காரன், எல்லோரும் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். வானம் வெளுத்து, வெறுமையாக இருந்தது. ஒருவன் காருக்கு அடியில் ஒதுங்குவதுபோல அரையடி நகர்ந்து நின்றான். புதிமிரின் கை தன்னையறியாமல் தொப்பியைத் தொட்டது.

மேலே ஜன்னலில் நெவெனா இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். முக்காட்டின் வெள்ளைத்துணி அவள் விரல்களுக்கிடையில் கசங்கியது.