அரை லிட்டர் பாட்டில்

கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் இருபத்தாறு வருடம் மூட்டை தூக்கியவர் ஹபீபுல்லா. ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டையைத் தோளில் வைத்தபடி பேசிக்கொண்டே நடப்பார். போன தை மாதம் குடலில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ.

இரண்டாவது கீமோ அன்று பிசியோதெரபிஸ்ட் எல்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாத்திரைகள் எழுதியிருந்த அதே சீட்டில், தினமும் பத்து நிமிடம் நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகப் பத்து முறை தூக்குவது என்று எழுதினார்.

"மேடம், நான் லோடுமேன். எனுக்குப் போய் தண்ணி பாட்டிலா?"

"இதுவும் மருந்துதான் பாய். மாத்திரை மாதிரியே விடாம பண்ணணும். ஜுரமோ தலைசுத்தலோ வந்தா மட்டும் நிறுத்திட்டுப் போன் பண்ணுங்க."

வீட்டில் மனைவி மரியம் அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. "இந்த ஒடம்போட நடையா? நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்." அவருக்கும் படுப்பதுதான் சுலபமாக இருந்தது. கஞ்சி கட்டிலுக்கே வந்தது.

மூன்றாவது வாரம் அஸர் தொழுகையில் சஜ்தாவுக்குக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தவரால் எழ முடியவில்லை. மரியம் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். கட்டிலில் உட்காரவைத்தார்.

"அந்தச் சீட்டு எங்க கீது?" என்று கேட்டார் ஹபீபுல்லா.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டில்களைத் தூக்கினார். ஆறாவது முறையிலேயே கை தொங்கிவிட்டது. அழுகை வந்தது.

அந்த வாரக் கடைசியில் யார்டு நண்பர் ஜெயவேல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பாட்டில்களை மறைக்க நேரமில்லை.

"இன்னா பாய் இது?"

"எக்சசைஸு. சிரிக்கணும்னா சிரிச்சுடு."

ஜெயவேல் சிரிக்கவில்லை. சீட்டை வாங்கிப் படித்தார். "நடக்கணும்னு போட்டுக்கீதே, போனியா?"

"தெருவுல எல்லாரும் பாப்பானுங்கப்பா."

"ரெண்டு பேரா போனா டீ குடிக்கப் போறோம்னு நெனைப்பானுங்க. கெளம்பு."

முதல் நாள் தெருமுனை வரைதான். ஹபீபுல்லா மூச்சு வாங்கி நின்றபோதெல்லாம் ஜெயவேல் செல்போனில் ஏதோ தேடுவதுபோல் நின்றுகொண்டார். கீமோ முடிந்து இரண்டு மூன்று நாள் எழவே முடியாது. அது தெளிந்ததும் மறுபடி கிளம்புவார்கள். நாலாவது மாதம் ரயில்வே கேட் வரை போய்வந்தார்கள். வீட்டில் பாட்டில் தூக்குவதை இப்போது எண்ணுவது மரியம்தான். "எட்டுதான் ஆச்சு, ஏமாத்தாதீங்க."

ஏழாவது கீமோ அன்று எல்சி கடிகாரத்தைப் பார்த்தபடி அவரை நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார். அரை நிமிடத்தில் பதினான்கு முறை. முதல் தடவை இப்படிச் சோதித்தபோது ஐந்துதான் முடிந்திருந்தது. ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை, அது என்ன சொல்லுமோ தெரியாது. ஆனாலும் எல்சி கைதட்டினார்.

பக்கத்துக் கட்டிலில் எண்ணூரிலிருந்து முதல் கீமோவுக்கு வந்திருந்த ராமசெல்வி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் பண்ணா அசதியா இருக்காதாண்ணே?"

"இருக்கும்மா. மொத வாரம் ரொம்ப பேஜாரு. அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா கொறையும்." ஹபீபுல்லா நாற்காலியை ராமசெல்வி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒன்கூட நடக்க வூட்டாண்ட யார் கீறாங்க?"

"தங்கச்சி இருக்கா."

"போன் போடு. நான் பேசறேன்."