பீப்பாய்களுக்கு நடுவே ஒரு வளைவு

1

ஒளிப்பானேன்? இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. "கல்முனையா? அப்ப சுனாமி எழுதுங்க. இல்லாட்டி யுத்தம். ரெண்டையும் கலந்தா இன்னும் விசேஷம்" என்றார் கொழும்புப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், கடையில் புரியாணி சொல்வதுபோல. கார்ச் சக்கரங்களுக்கு எஞ்சின் பலத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷலைப் பற்றித்தான் எழுதுவதென்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

அன்று காலை கடல் கருத்து எழுந்து—

(வெட்டிவிட்டேன். கைக்குட்டையை மடித்து வையுங்கள்.)

2

ஸாஜித் கொழும்பில் ஒரு முதலாளியின் சாரதி. முதலாளி வெளிநாடு போனதும் அவருடைய பந்தயக் காரை ஊருக்கு ஓட்டி வந்துவிட்டான். நாலு சில்லும் இழுக்கிற கார். மனைவி ஹிமாயாவை ஏற்றிக்கொண்டு நிந்தவூர்ப் பக்கம் போகிறான். போர் முடிந்துவிட்டதென்று வெடி கொளுத்திய வாரம் அது.

"வளைவில வெளிச்சில்லு கூடத் தூரம் ஓடணும் புள்ள. சாதாரண டிஃபரன்ஷல் அதுக்கு விட்டுக் குடுக்கும், ஆனா ரெண்டு சில்லுக்கும் ஒரே பலம்தான். இது அப்படியில்ல. ஸ்டியரிங் திரும்பினதைக் கம்பியூட்டர் பார்த்து, உள்ளுக்குக் கிளச்சை இறுக்கி, பின்னால வெளிச்சில்லுக்குப் பலத்தைக் கூட்டிக் குடுக்கும். மூக்கு தன்னால வளைவுக்குள்ள திரும்பும்."

"வாப்பாட லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினும் அப்படித்தானே திரும்புது?"

"அது உள்சில்லுட பலத்தை வெட்டித் திரும்புற சாமான். இது வெட்டாது, கூட்டும்!" அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.*

* ரோஷம் நியாயம். விளக்கமும் சரி. ஆள்தான் மடையன். கோடு கிழித்த மாதிரிக் கிடக்கிற எங்கள் வீதியில் இந்த வித்தையைக் காட்ட வளைவு எங்கே? மொட்டைத் தலைக்கு எதற்குச் சீப்பு?

3

(கிழித்துவிட்டேன். இதில் எல்லோரும் அழுதார்கள்.)

4

வளைவு ஒன்று உண்டு. சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் தார்ப் பீப்பாய்களை இடமும் வலமுமாக வைத்திருப்பார்கள். நடக்கிற வேகத்தில் நெளிந்து நெளிந்து போக வேண்டும். வேகம் கூடினால் சுடுவார்கள்.

பீப்பாய்களைக் கண்டதும் ஸாஜித் சிரித்தான். "இப்ப பாரு."

"இஞ்சேருங்க, மெதுவாப் போங்க."

"சண்டைதான் முடிஞ்சிட்டே. என்னத்துக்குச் சுடப்போறான்?"

"முடிஞ்சது உங்களுக்குத் தெரியும். அந்தத் துவக்குக்குத் தெரியுமா? உம்மாவையும் தம்பியையும் கடல் கொண்டு போயிட்டு. வாப்பாக்கு மிஞ்சினது நான் ஒருத்தி. என்னை உங்கட சில்லுக்குக் குடுக்க ஏலா. நிப்பாட்டுங்க!"

சுனாமியைக் கதைக்குள் விடமாட்டேன் என்றிருந்தவன் நான். அவள் என்னைக் கேட்காமலே கொண்டுவந்துவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

5

முடிவு ஒன்று: கார் பீப்பாய்களுக்குள் வழுக்கிக்கொண்டு பறக்கிறது, ஆமிக்காரன் கைதட்டுகிறான். (தூ, சினிமா.)

முடிவு இரண்டு: ரோட்டில் இரத்தம், பின்னால் கடல். (ஆசிரியர் கேட்டது. அவரே எழுதிக்கொள்ளட்டும்.)

என்னால் முடிந்தது இவ்வளவுதான்: ஸாஜித்தின் காலைப் பிடித்துப் பிரேக்கில் வைத்தேன். ஹிமாயா இறங்கினாள். கதவை அறைந்து சாத்திவிட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, வாப்பா வீட்டுப் பக்கம் நடந்தாள். அவளை இனி யாரும் தொடக்கூடாது, நானும்தான்.

அவன் இறங்கவில்லை. கால் மறுபடி எக்சிலேட்டருக்குப் போய்விட்டது. எஞ்சின் உறுமுகிற சத்தத்தில் ஆமிக்காரன் துவக்கைத் தூக்கிவிட்டான், அவனுக்கும் பயம். இவ்வளவு நேரமும் வெடிச்சத்தம் எப்போது வரும் என்றுதானே வாசித்துக்கொண்டு வந்தீர்கள்? வாருங்கள், இப்படி வந்து நில்லுங்கள். விசையில் இருக்கிற விரல் உங்களுடையது.