முதல் பிடி மண்

சவப்பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போதே எபினேசர் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். போதகர் ஜெபம் முடித்ததும் பெற்ற பிள்ளைதான் முதலில் மண் போட வேண்டும், அதுதான் வழக்கம். அவள் வயிற்றில் பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

பெட்டிக்குள் இருப்பவள் ஹெலன். இங்கிலாந்திலிருந்து நர்ஸாக வந்தவள். ஒரகடம் பக்கம் கம்பெனிகள் முளைப்பதற்கு வெகுகாலம் முன்பே வடக்குப்பட்டில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஹோம் கட்டினாள். கம்பவுண்டர் மரியஜோசப்பைக் கட்டிக்கொண்டு எபினேசரைப் பெற்றாள். பையன் அப்பா நிறம், அப்பா மூக்கு. வெள்ளைக்காரி பிள்ளை என்று சத்தியம் செய்தாலும் எவனும் நம்பமாட்டான். நம்பவைக்க அவளும் மெனக்கெடவில்லை. தாயில்லாப் பிள்ளைகள் ஏங்கிப்போகுமாம். அதனால் அவனும் ஹோம் கூடத்தில்தான் படுக்க வேண்டும், எல்லோரையும் போல 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிட வேண்டும். காய்ச்சலில் ஒருமுறை 'மம்மி' என்றுவிட்டான். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "மெதுவா" என்றாள்.

நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? ஊரே கையெடுத்துக் கும்பிட்ட மனசு. வயிறெரிந்தது இவன் ஒருவனுக்கு. வேலை கிடைத்ததும் வாலாஜாபாத்துக்குக் குடிபோனவன், கிறிஸ்துமஸுக்குக்கூட ஒப்புக்குத்தான் வந்துபோனான்.

போதகர் பைபிளை மூடினார்.

"ஆன்ட்டியோட கடைசி ஆசை இது. மொதல்ல ஹோம் புள்ளைங்க மண்ணு போடட்டும். சின்னதுங்க முன்னாடி வாங்க."

மனைவி ஜாஸ்மின் அவன் முழங்கையை இடித்தாள். "இன்னாய்யா, மரம் மாதிரி நின்னுக்கினு கீற? நான்தான் புள்ளைனு சொல்லேன்."

"எல்லாருக்கும் தெரியும்."

"இன்னா தெரியும்? பாஸ்டரே போன வருஷம் வந்தவரு. போய்ச் சொல்லுய்யா."

"உயிரோட இருந்தப்ப அவ சொல்லல. இப்ப நான் இன்னாத்துக்குச் சொல்லணும்?"

சின்னதுகள் போட்டன. ஷிப்டை விட்டு யூனிஃபார்மோடு ஓடிவந்தவர்கள் போட்டார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, "எங்கம்மா, போய்ட்டியேம்மா" என்று குழிக்குள்ளேயே சரியப் பார்த்தாள். இத்தனை காலம் ஆன்ட்டி, இன்றைக்கு அம்மா. எபினேசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கு அழக்கூட வரவில்லை.

கூட்டம் விலகி அவன் குழியருகே வந்தபோது பெட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. பின்னாலேயே ஜேசிபி உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஹோமில் வளர்ந்து, இப்போது கம்பெனிகளுக்கு நிலம் சமன்செய்யும் நாகப்பன், தன் பங்குக்கு வண்டியைக் கொண்டுவந்திருந்தான். அழுதழுது அவன் கண் வீங்கியிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளிக்கோங்க. நான் மூடிர்றேன்." பிறகு ஏதோ தோன்றி எட்டிப் பார்த்தான். "ஒங்கள நான் பாத்ததில்லையே. நீங்க எந்த பேட்ச்சுண்ணே?"

எபினேசரின் கையிலிருந்த மண் வியர்வையில் குழைந்திருந்தது.

"மொத பேட்ச்சு" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றான்.