பொன் இலை அச்சு

ஆங்கிலேயர் ஆண்ட காலத்து பாஸ்டனில் புத்தகம் பைண்டு செய்துவந்த ஒபதாயா பிரென்டிஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்து ஆள் கையிலிருந்த வேதாகமத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். தோல் அட்டையிலிருந்த பொன் இலைச் சித்திரம் அவருடைய பித்தளை அச்சால் பதித்தது. ஆனால் அந்தப் புத்தகத்தை அவர் கட்டவில்லை.

வேலையாள் சைலஸ் மேல்தான் சந்தேகம் விழுந்தது. அடையாளத்துக்காக அச்சிலிருந்த இலையின் காம்பை அரத்தால் லேசாகத் தேய்த்து வைத்தார். அதன்பின் யார் கையில் புத்தகத்தைக் கண்டாலும் வாங்கிப் புரட்டினார். சீக்கிரமே அவர் கட்டாத ஒரு தேவாலயச் சங்கீதப் புத்தகத்தில் அந்தத் தேய்ந்த காம்பு அகப்பட்டது.

"அச்சை யாருக்குடா குடுத்த?"

"நான் குடுக்கல முதலாளி."

"அப்ப யாரு, பேயா?"

அன்றே அவனைத் துரத்திவிட்டார்.

அப்புறமும் புதுப் புத்தகங்களில் அந்த இலை வந்தது. இப்போது கடையில் அவரைத் தவிர, தாள்களைத் தைக்கும் மனைவி மெஹிட்டபெல் மட்டும்தான். அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் குடுத்தேன்," என்றாள் அவள், ஊசியைக் கீழே வைக்காமல். "பைண்டிங் கடை எரிஞ்சுபோய் எங்கண்ணன் வெறுங்கையோட நிக்கிறான். அவன்கூட நீங்க பேசறதே இல்ல. கேட்டா குடுத்திருப்பீங்களா?"

"சைலஸுக்குத் தெரியுமா?"

"பாத்துட்டான். சொல்லாதேன்னு கெஞ்சினேன்."

சைலஸ் இப்போது அந்த மச்சானிடமே வேலைக்குச் சேர்ந்திருந்தான். பல வருஷமாக மிதிக்காத அந்த வாசலில் போய் நின்று, "தப்பு என் மேலதான், வந்துடுப்பா," என்றார் ஒபதாயா.

"இங்க என்னை யாரும் சந்தேகமா பாக்கறதில்ல முதலாளி," என்றான் சைலஸ், பசை அப்பிய கையைத் துடைத்தபடி.