இப்ராஹீமின் பெயரில் ஒரு கூரை

மற்ற ஊர்களில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். காயல்பட்டினத்தில் சிரிக்க ஆள் கிடைக்காது. சிரிக்க வேண்டியவனும் அப்படி வந்தவனாகத்தான் இருப்பான். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை வந்து சேர்கிறவன். அது ஊர் வழக்கம், அதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் இப்ராஹீமின் மனசில்தான் இருந்தது.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் சம்சுன்னிசாவைக் கட்டி அவள் வீட்டுக்கு வந்தவர், நாற்பதாம் நாள் சவூதிக்கு விமானம் ஏறினார். ரியாத்தில் ஓர் அரபிக் குடும்பத்துக்கு டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவருக்கு அது இரண்டு மாதம், அவ்வளவுதான். இப்போது ஒரேயடியாக வந்துவிட்டார். வந்து பார்த்தால் மகள் ஆமிராவுக்குக் கல்யாணமாகி, மருமகன் நௌஃபல் அதே வீட்டில் இருக்கிறான். தங்கமான பையன். மாமனாரைக் கண்டால் எழுந்து நாற்காலியைக் கொடுப்பான். அவன் எழுந்து கொடுக்கும்போதெல்லாம், இந்த வீட்டில் மாப்பிள்ளைக்கென்று இருப்பது ஒரே நாற்காலி, அதற்கும் ஆள் வந்தாகிவிட்டது என்று இப்ராஹீமுக்குத் தோன்றும்.

அதனால்தான் அந்த டிரெய்லர்.

தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஜெயசிங்கின் பட்டறையில் மூன்று மாதம் கூடவே நின்று செய்வித்தார். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, பத்தடிக்கு ஆறடி அறை. ஒரு கட்டில், சின்ன ஃபிரிட்ஜ், ஃபேன், லைட். மடக்கி எடுத்துப்போய் எங்கே வேண்டுமானாலும் விரிக்கிற மாதிரி இரண்டு சோலார் பேனல், கட்டிலுக்கு அடியில் பேட்டரி. மின்கம்பமே இல்லாத இடத்திலும் இரண்டு நாள் தாங்கும். சம்சு ஏசி அறையில் படுத்துப் பழகியவள் என்று ஜன்னலில் ஒரு குட்டி ஏசி. அதைச் சோலார் இழுக்காது என்பதால் தனியாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர்.

"ஏன் பாய், இது டூர் போகவா, குடியிருக்கவா?" என்று ஜெயசிங் கேட்டபோது, இப்ராஹீம் கட்டிலின் நீளத்தை மறுபடி அளந்துகொண்டிருந்தார். வண்டியின் ஆர்.சி. புத்தகம் கையில் வந்த அன்று, உரிமையாளர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை இரண்டு தடவை வாசித்தார். அவர் பெயரில் வந்த முதல் கூரை அது.

இன்னொரு விஷயமும் இருந்தது. பழைய முதலாளி அரபியின் மகன் போனில் சேதி அனுப்பியிருந்தான்: விசா தயார், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல். இப்ராஹீம் அதை யாரிடமும் மூச்சு விடவில்லை. தனக்குள்ளேயே ஒரு முடிவு செய்துகொண்டார். சம்சு இந்தக் கூரைக்குக் கீழே ஒரே ஒரு ராத்திரி தங்கினால் ஊரோடு இருந்துவிடுவது. முகத்தைச் சுளித்தால் வண்டியை விற்றுவிட்டுத் திரும்ப விமானம் ஏறுவது. பெண்டாட்டிக்கே தெரியாமல் அவளுக்குப் பரீட்சை வைப்பதில் ஆண்களுக்கு நிகர் ஆண்கள்தான்.

புதன்கிழமை காலையில் கிளம்பி, சாகுபுரம் தாண்டி, தூத்துக்குடி தாண்டி, கீழவைப்பார் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ரியாத்தில் ஒரே அறையில் இருந்த ஜேசுபாதம் இப்போது அங்கே படகு வைத்திருக்கிறார். கடலைப் பார்த்திருந்த தன் தோட்டத்தில் இடம் காட்டிவிட்டுப் போனார்.

இப்ராஹீம் நல்ல நிழலாகப் பார்த்துப் பூவரசமரத்தடியில் டிரெய்லரை நிறுத்தினார். பிறகுதான் வேலை ஆரம்பித்தது. நிழல் மனுஷனுக்கு, வெயில் பேனலுக்கு. பேனல் இரண்டையும் தூக்கிக்கொண்டு வயரை நீட்டி மணலில் விரித்தார். வெயில் நகர நகர அவரும் பேனலை நகர்த்தினார், கருவாடு காயப்போட்டவர் மாதிரி. கடல்காற்று கண்ணாடியில் உப்பைப் பூசிவிட்டுப் போகும். தோளில் கிடந்த துண்டால் துடைப்பார். மறுபடி பூசும், மறுபடி துடைப்பார்.

சம்சுன்னிசா ஜீப்பை விட்டு இறங்கியவள், மரத்தடியில் நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். டிரெய்லர் கதவு அவளுக்கு எதிரில் விரியத் திறந்து கிடந்தது. அவள் ஏறவில்லை.

"சம்சு, பேட்டரி ஃபுல்லா இருக்கு."

"ம்."

சிறிது நேரம் கழித்து, "ஃபேன் ஓடுது."

"சரி."

"ஃபிரிட்ஜ்ல தண்ணி கூலாயிட்டு."

அதற்கும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கட்டிக்கொண்டு வந்த சோற்றை மரத்தடியிலேயே பிரித்தாள். பாயை விரித்து அங்கேயே நண்பகல் லுஹர் தொழுதாள். போனில் ஆமிராவிடம், "இன்னும் வெளியதான் இருக்கேன்" என்று அவள் சொன்னது இப்ராஹீமின் காதில் விழுந்தது. தேக்கு உத்திரம் போட்ட வீட்டுக்காரிக்கு இந்தத் தகரப் பெட்டி எப்படிப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசி முயற்சியாக ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தார். அது ஊரையே கூட்டுகிற சத்தம் போட்டது. "ஏசி போட்டிருக்கு" என்று கத்திச் சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலை எடுத்துப்போய் ஜெனரேட்டர் பக்கத்தில் போட்டு, டிரெய்லருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவராக யோசித்துச் செய்ததல்ல. குளிர்காலம் வந்தால் அரபிக் குடும்பம் பாலைவனத்தில் கூடாரம் போடும். உள்ளே அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, வெளியே ஜெனரேட்டர் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது டிரைவரின் பொறுப்பு. உட்கார்ந்து உட்கார்ந்து அது உடம்போடு ஒட்டிப்போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஜேசுபாதம் ஒரு தூக்குவாளியில் மீன்குழம்போடு வந்தார். மரத்தடியைப் பார்த்தார், ஜெனரேட்டரைப் பார்த்தார், டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாய், உள்ள லைட்டு எரியுது, ஃபேன் ஓடுது, ஏசியும் ஓடுது. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில வெளிய இருக்கிய. உள்ள யாருக்கு ஓய் இவ்வளவு கரண்டு?"

வாளியைப் படியில் வைத்துவிட்டு அவர் போய்விட்டார். விவரமான மனுஷன், அதற்கு மேல் நிற்கவில்லை.

சம்சுன்னிசா எழுந்து வந்தாள். ஏதோ கேட்டாள்; ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்கவில்லை. இப்ராஹீம் அதை அணைத்தார்.

"இங்கன எதுக்கு மச்சான் உக்காந்திருக்கிய?"

"இது நின்னா ஏசி நின்னுரும்லா. நீ படுக்கணும்லா."

"நான் எங்க படுத்தேன்?"

இனிச் சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது என்று அவர் நேராகவே சொல்லிவிட்டார். "பிடிக்கலன்னா சொல்லிரு சம்சு. சாயங்காலமே திரும்பிருவோம். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"பிடிக்கலன்னு நான் சொன்னேனா? காலையில இருந்து வாசல்லயே காத்துக் கெடக்கேன். நீங்க வான்னு கூப்பிடவே இல்ல."

"அதான் ஃபேன் ஓடுது, ஏசி ஓடுதுன்னு..."

"அரபி வீட்டம்மாகிட்ட சொல்லுத மாதிரி சொன்னிய. வான்னு சொல்லல." அவள் குரல் இறங்கியது. "ஒவ்வொரு தடவையும் நீங்க லீவுல வரும்போது நான்தான் வாசல்ல நின்னு வாங்கன்னு சொன்னேன். அது எனக்குத் தெரியும். புருஷன் வீட்டுக்குள்ள எப்படிப் போவாங்கன்னு எனக்கு யாரு சொல்லித் தந்தா? பட்டறையில இருந்து இத நீங்க கொண்டாந்த அன்னைக்கே உங்க முகத்தப் பாத்துட்டேன். இது உங்க வீடு. நீங்க கூப்பிடாம நான் எப்படி ஏறுவேன்?"

இப்ராஹீமுக்கு அழுகை வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டெல்லாம் பேனலின் உப்பு, கண் இன்னும் எரிந்தது. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் தான்தான் விருந்தாளி என்று நினைத்திருந்தார். இத்தனை வருஷமும் வாசலில் நின்று ஒருத்தி வரவேற்றதை மறந்தே போயிருந்தார். வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அரபியின் மகனுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் தெரிந்துவிட்டது.

எழுந்து போய் முதலில் தான் படியேறினார். கதவுக்குள் நின்று திரும்பினார். சொல்லிப் பழக்கமில்லாத சொல் அது.

"வா சம்சு. உள்ள வா."

அவள் பிஸ்மி சொல்லி வலது காலை எடுத்து வைத்தாள். ஏசி நின்றதில் உள்ளே வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலைத் தொட்டுப் பார்த்தாள், ஃபிரிட்ஜைத் திறந்து மூடினாள், ஃபேனுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். இப்ராஹீம் இன்னும் கதவருகிலேயே நின்றார்.

"உக்காருங்க மச்சான்" என்றாள். சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டு, "பழக்கம் பாத்தியளா. நீங்கல்லா சொல்லணும்" என்று சிரித்துவிட்டாள்.

அவரும் சிரித்தார். "உக்காரு சம்சு" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். மாமியார் இருந்த காலத்தில் மாமியார், பிறகு சம்சு, இப்போது நௌஃபல் என்று யாராவது சொன்ன பிறகே உட்கார்ந்து பழகிய இப்ராஹீம், யாரும் சொல்லாமல் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.