முளை அடிக்க ஓரடி மண்

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் எங்கள் கை கஞ்சி வாளிக்குள் இருக்க வேண்டும். சித்திரை மாதத்திலும் அந்தக் கஞ்சி ஜில்லென்றுதான் இருக்கும். மார்கழியில் எலும்பைக் கடிக்கும். ஊர் போர்த்திக்கொண்டு தூங்குகிற நேரத்தில் நாங்கள் ஆறு பேர் தெருவில் நிற்போம். அறுபதடி நீளத்துக்குப் பட்டு இழைகளைப் பாவாக இழுத்துக் கட்டி, கஞ்சியைத் தொட்டுத் தொட்டுப் பூசி, அறுந்த இழையைத் தேடி முறுக்கி ஒட்டி, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டித் தறி வீட்டில் சேர்த்துவிட வேண்டும். பாவு காய்கிறவரை விறைப்பாக நிற்க வேண்டும். ஒரு விரற்கடை தொங்கினாலும் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தப் பட்டு குப்பைக்குத்தான்.

என் பெயர் மங்கையர்க்கரசி. பெரிய காஞ்சிபுரத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பாவு வேலை செய்கிறேன். வாய் நீளம் என்று தெருவில் எனக்குப் பெயர். பொய் இல்லை, நீளம்தான்.

பாவின் இரண்டு முனையிலும் மண்ணில் மூங்கில் முளை அடித்துக் கயிறு கட்டுவோம். கயிற்றை முறுக்கி விறைப்பேற்றுகிற வேலை குமரகுருவுடையது. முப்பத்து நாலு வயது. கண் என்றால் அவன் கண்தான். நாலாயிரம் இழையில் ஒன்று அறுந்தால் பத்தடி தள்ளி நின்றபடியே, "அக்கா, உன் கட்டைவிரலுக்குப் பக்கத்துல மூணாவது" என்பான். நான் குனிந்து தேடினால் சரியாக அங்கேயே இருக்கும். பாழாய்ப்போனவன், ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை.

எட்டு மணிக்கு முளையைப் பிடுங்கிவிடுவோம். குழியை மண் போட்டு மூடி, மிதித்து, தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். ஸ்கூல் வேன் வரும்போது அங்கே வேலை நடந்த சுவடே இருக்காது. தெருவை வாங்கினபடியே திருப்பிக் கொடுப்பது எங்கள் வழக்கம். அந்த மரியாதைதான் எங்களைக் கெடுத்தது.

தெருச் சீரமைப்புக்குக் கணக்கெடுக்க மாநகராட்சி ஆட்கள் வந்தது ஓர் அமாவாசை. அமாவாசையில் நெசவாளி தறியைத் தொடமாட்டான், பாவும் கிடையாது. கையில் டேப்லெட்டோடு திரிஷா என்று ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், குறை சொல்லக் கூடாது.

"காலையில இந்தத் தெருவுல என்னம்மா நடக்கும்?" என்று கேட்டாள்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லம்மா, அமாவாசை. நீ நிம்மதியா அளந்துக்கோ" என்றேன்.

அவள் 'ஒண்ணும் இல்லை' என்பதை மட்டும் குறித்துக்கொண்டாள். அவளுடைய அளவு நாடாவின் மறுமுனையைத் தெருக்கோடி வரைக்கும் பிடித்துக்கொண்டு போனது நான்தான். காபி வேறு போட்டுக் கொடுத்தேன். பிறகு வந்த அறிக்கையில், 'காலை ஐந்து முதல் எட்டு வரை: தெருவில் பயன்பாடு இல்லை' என்று அச்சாகியிருந்தது. நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

ரோடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மழை பெய்தால் முட்டியளவு சாக்கடையில் நின்றவர்கள் நாங்கள். மனு கொடுத்ததும் நாங்கள்தான். ஆனால் மூன்று மாதத்தில் வந்தது எங்கள் தெரு இல்லை. அடியில் கான்கிரீட், மேலே சிமெண்ட் கல், ஒரு பக்கம் பச்சைச் சாயம் அடித்த சைக்கிள் பாதை, அதன் ஓரமாகப் பத்தடிக்கு ஒரு இரும்புக் கம்பம். ஒரு பிடி மண் கிடையாது. எங்கள் தெருவில் எல்லாரும் சைக்கிள்காரர்கள்தான், பாவு உருளையைக் கட்டிக்கொண்டு மிதிக்கிறவர்கள். ஆனால் சுமையோடு அந்தப் பாதையில் ஏறினால் வாட்ச்மேன் விசில் அடித்தான்.

பட்டு நூலைக் கொடுத்து எங்களிடம் வேலை வாங்குகிறவர் கோதண்டபாணி முதலாளி. தெருச் சீரமைப்புக் கமிட்டிக்குத் தலைவரும் அவரேதான். தெருக்கோடியில் இருந்த தன் பழைய குடோனை இடித்துக் கண்ணாடி போட்டு, வருகிற டூரிஸ்டுகளுக்காகக் காபி கடை கட்டியிருந்தார். அவரிடம்தான் போய் நின்றோம்.

"மண்ணே இல்ல மொதலாளி. முளையை எங்க அடிக்கிறது?" என்றேன்.

"அதான் வரிசையா கம்பம் நட்டு வச்சிருக்குதே. அதுல கட்டுங்கம்மா."

"அது சைக்கிள் பாதைக் கம்பம். பாவு இழுத்தா தாங்குமா?" என்று கேட்டான் குமரகுரு.

"மூங்கில் தாங்கும், இரும்பு தாங்காதா? தை முகூர்த்தத்துக்குப் பொடவை கேட்டு ஆளுங்க வாசல்ல நிக்கறாங்க. முடியலைன்னா இப்பவே சொல்லிடு. ஐயம்பேட்டையில மிஷின்ல பாவு ஓடிக்கினு இருக்குது. பட்டனை அழுத்தினா போதும். அதுக்கு அமாவாசை கிடையாது, எதிர்த்தும் பேசாது."

கட்டினோம். வேறு என்ன செய்வது?

மூன்றாம் நாள் காலை. பனி விலகவில்லை. குமரகுரு கம்பத்தில் முழங்காலை ஊன்றிக் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தான். டப்பென்று ஒரு சத்தம். கம்பம் அடியோடு பெயர்ந்து அவன் முகத்தில் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அத்தனை உயரக் கம்பத்துக்கு அடியில் விரல்கணு அளவு இரண்டே இரண்டு போல்ட்டுகள். கான்கிரீட்டுக்குள் போகவே இல்லை. சிமெண்ட் கல்லோடு நின்றிருந்தன. நம் பிள்ளைகள் யாராவது சாய்ந்து நின்றிருந்தாலும் விழுந்திருக்கும்.

குமரகுருவின் வலது கண் இருந்த இடத்தில் என் முந்தானையை வைத்து அழுத்தினேன். அவன் கையில் கயிறு அப்படியே இருந்தது. விடவில்லை. "அக்கா, பாவைப் புடி, தொங்குது" என்றான்.

கோதண்டபாணி லுங்கியோடு ஓடி வந்தார். வந்தவர் குமரகுருவைத் தாண்டிப் போனார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், கீழே கிடந்த மனுஷனைத் தாண்டிப் போய்ப் பட்டைத் தூக்கினார். "ரத்தம் பட்டுச்சா பாரு, ரத்தம் பட்டுச்சா பாரு" என்று கத்தினார். பிறகு ரோடு போட்ட ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் உதயகுமார் வந்து மொபைலில் படம் எடுத்தான். குமரகுருவை அல்ல, கம்பத்தை.

கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரி வார்டுக்கே ஒரு போலீஸ்காரர் வந்து குமரகுருவின் மனைவி புவனேஸ்வரியிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக அவள் புருஷன்மேல் வழக்கு. தலையில் கட்டோடு அவன் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அடப்பாவிகளா!

இரண்டு நாள் கழித்து மீதி ஐந்து பேரையும் முதலாளி அந்தக் கண்ணாடிக் காபி கடைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு காகிதம் இருந்தது. 'வேண்டாம் என்று நாங்கள் தடுத்தும் கேளாமல் குமரகுரு தன் இஷ்டப்படி கம்பத்தில் கயிறு கட்டினார்' என்று டைப் அடித்திருந்தது.

"கையெழுத்து போட்டுடுங்க. திருப்பருத்திக்குன்றத்துல எனக்கு ஒரு ஷெட்டு இருக்குது. முளைக்குப் பதிலா கொக்கி அடிச்சுத் தரேன். உங்க அஞ்சு பேருக்கும் வருஷம் பூரா வேலை."

"கட்டச் சொன்னது நீங்கதான மொதலாளி?" என்றேன்.

"நானா? எப்போ சொன்னேன்? எழுதிக் குடுத்தேனா?"

"எங்களுக்கு நீங்க எதைத்தான் இதுவரைக்கும் எழுதிக் குடுத்தீங்க?"

"வாயைக் கொற மங்கை. ஒத்தக் கண்ணோட அவன் இனிமே இழை பார்க்கப் போறானா? போனது போச்சு. இருக்கறவங்க பொழைக்கற வழியைப் பாருங்க."

என் பக்கத்தில் நின்ற ஆனந்தகுமார் பேனாவை எடுத்தான். என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு ரெண்டு பொண்ணுக்கா" என்றான். நான் திட்டவில்லை. எனக்கும் அந்த ஷெட்டின் நிழல் கண்முன் வந்துபோனது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்போதுதான் ஆஸ்பத்திரிப் பையோடு புவனேஸ்வரி உள்ளே வந்தாள். வழக்கு விஷயமாக முதலாளியைப் பார்க்க வந்தவள். மேஜைமேல் இருந்ததை நின்றபடியே முழுசாகப் படித்தாள்.

"போடுங்கப்பா. போட வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்து நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்க. என்னால முடியாது. 'பாவை அவங்க புடிச்சாங்களா, தொங்காம புடிச்சாங்களா'ன்னு ரெண்டு நாளா கேட்டுக்கினே இருக்கறாரு" என்றாள்.

ஆனந்தகுமார் பேனாவை மூடி மேஜையில் வைத்தான். மற்றவர்கள் யாரும் அதை எடுக்கவில்லை.

"அப்போ போங்க!" என்று முதலாளி எழுந்தார். "உங்க கைல கடைசியா ஒரு முகூர்த்தப் பாவு இருக்குது. அதைக் கஞ்சி போட்டுக் குடுத்துட்டு ஓடுங்க. ஞாயித்துக்கெழம சைக்கிள் பாதை தெறப்பு விழா. சென்னையிலேர்ந்தெல்லாம் பெரிய ஆளுங்க வராங்க. அன்னிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் தலை தெரியக் கூடாது."

அன்று மாலையே தெருவில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினோம். தறி வீட்டுக்காரர்கள், சாயம் போடுகிறவர்கள், சரிகை சுற்றுகிற பெண்கள், எல்லாரிடமும் ஒன்றைத்தான் கேட்டோம். முளை அடிக்க மண் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை முளையாக நிற்க வருவீர்களா?

ஞாயிறு ஐந்து மணி. அந்த முகூர்த்தப் பாவைத்தான் தெருவில் விரித்தோம், அரக்குச் சிவப்பு, பச்சைப் பாதையின் மேலேயே. அந்த முனையில் பதினெட்டுப் பேர், இந்த முனையில் இருபது பேர். கயிற்றை இடுப்பில் சுற்றிக் குதிகாலை ஊன்றி நின்றார்கள். தேர் இழுத்துப் பழகிய ஊர். கயிறு பிடிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குமரகுரு நிற்கிற இடத்தில் முதல் ஆளாகப் புவனேஸ்வரி நின்றாள். நான் கஞ்சியில் கையை விட்டேன்.

ஆறரை மணிக்கு வந்தார்கள். தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, நூறு சைக்கிள். முன்னால் ரிப்பனும் கத்தரிக்கோலும் பிடித்த பெரிய அதிகாரி. அறுபதடி ஈரப் பட்டுக்கு முன்னால் அத்தனை சைக்கிளும் நின்றன.

"என்னம்மா இது? எடுங்க, எடுங்க" என்றார் கூட வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"எடுத்துக்கோங்க சார். ஈரமா இருக்குது. தளர்ந்தா ஒட்டிக்கும், அவ்ளோதான்" என்றேன்.

அவர் கண்ணைக் காட்டினார். ஒரு போலீஸ்காரர் பாவில் கை வைக்கப் போனார்.

"ஐயோ, தொடாதீங்க சார்! தொடாதீங்க!" பட்டு வேட்டி சரசரக்க ஓடி வந்து குறுக்கே நின்றது யாரென்று நினைக்கிறீர்கள்? கமிட்டித் தலைவர் கோதண்டபாணிதான். "அது என் பட்டு சார்! கல்யாண ஆர்டர்! தொட்டா எல்லாம் போச்சு!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷனின் கண் போனபோது வராத அந்த 'ஐயோ' இப்போது வந்ததே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெயிலைக் கேக்கணும் சார். ஒரு மணி ஆவும், ஒன்றரை மணியும் ஆவும். தெனமும் இந்த நேரத்துல நாங்க இங்கதான் இருக்கறோம். உங்க ரிப்போர்ட்டுலதான் இல்லை. காயற வரைக்கும் பேசலாமே. குமரகுரு மேல போட்ட கேஸை எடுக்கணும். ரெண்டே போல்ட்டு போட்டுக் கம்பம் நட்டவங்க மேல கேஸ் போடணும். அவனுக்கு வைத்தியமும் நஷ்ட ஈடும் வேணும். அப்புறம் தெருவோட ரெண்டு முனையிலயும் முளை அடிக்க ஓரடி மண்ணு. உங்க சைக்கிள் பாதை அப்படியே இருக்கட்டும் சார், நாங்களும் சைக்கிள்தான் மிதிக்கறோம். எட்டு மணிக்கு மேல நீங்களே வெச்சுக்கோங்க."

"மனுவா குடுங்க. பார்க்கறோம்."

"மனு குடுத்துத்தான சார் ரோடு வந்துச்சு!" என்று பின்னாலிருந்து கத்தினான் ஆனந்தகுமார்.

அதிகாரி மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் ஒரு போலீஸ் வேன் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. லத்தியோடு இறங்கி வரிசையாக நின்றார்கள். பட்டு காய்கிறவரை தொடமாட்டார்கள். காய்ந்த பிறகு எங்களைத் தொடுவார்கள். அது கயிறு பிடித்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

வெயில் கோபுரத்தின் பக்கமிருந்து மெல்ல இறங்கியது. கயிறு அழுத்தி அழுத்திப் புவனேஸ்வரியின் இடுப்புச் சேலை நைந்திருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் கிட்டே போனேன்.

"மாத்தி விடட்டுமா புவனா?"

"வேணாங்க்கா. காஞ்சப்புறம் இன்னா பண்றதுன்னு மட்டும் சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளுக்குப் பின்னால் நின்ற ஆனந்தகுமார் சொன்னான்: "காஞ்சா சுருட்டி அவரு கையில குடுத்துடுவோம். கயிறு நம்முது. கேட்டது கிடைக்கற வரைக்கும் அதை ஏன் விடணும்?"

சொல்லிவிட்டு அவன் தன் இடுப்பில் இருந்த கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினான். அவனுக்குப் பின்னால் நின்றவரும் சுற்றினார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அமாவாசைக்குக்கூட வெளியே வராத சரிகைக்கார அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, எங்கே பிடிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டாள்.