எடுக்காத மூன்றாவது படம்

அன்று காலை பதினொரு மணிக்கு இருந்தவர்கள்: எக்ஸ்ரே எடுக்கும் நான், வலது கையைப் பழைய துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு பெண், இருபது வயதிருக்கும், அவளைக் கூட்டிவந்த, அவள் வேலை செய்யும் வீட்டுக்கார அம்மா, பக்கத்து அறையில் மாவுக்கட்டு போடுபவர், கேட்டில் வாட்ச்மேன்.

எதைக் கேட்டாலும் வீட்டுக்கார அம்மாதான் பதில் சொன்னாள். பெயர், வயது, குளியலறையில் வழுக்கியது. எங்கே வலிக்கிறது என்று அந்தப் பெண்ணிடமே கேட்டேன்.

"அவ வாய் செத்தவ சார், நான்தான் பேசணும். வீட்டுல ஒருத்தியாத்தான் வச்சிருக்கேன்."

படம் எடுக்கும்போது நோயாளி மட்டுமே உள்ளே இருக்கலாம். எக்ஸ்ரே கதிருக்கு வீட்டுக்காரி, வேலைக்காரி என்ற பேதம் தெரியாது என்று சொல்லி அம்மாவை வெளியே அனுப்பினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள்.

இரண்டு கோணத்தில் எடுத்தேன். விழுகிறவர் கையை ஊன்றுவார், மணிக்கட்டு உடையும். இவளுக்கு உடைந்திருந்தது முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பு. தலைக்கு வரும் அடியைக் கையால் தடுத்தால் அங்கேதான் உடையும். சற்றுக் கீழே பழைய முறிவு ஒன்று, வைத்தியம் பார்க்காமலே கோணலாகக் கூடியிருந்தது.

பன்னிரண்டு வருடமாக இப்படிப்பட்ட எலும்புகளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

"யாரும்மா அடிச்சது?"

அவள் கதவைப் பார்த்தாள். "வெளிய கேக்குமாண்ணே?"

ஈயத்தகடு வைத்த கதவு, கேட்காது என்றேன். துண்டு துண்டாகச் சொன்னாள். இரண்டு வருடம். கூலி கிடையாது. அடையாளச் சீட்டெல்லாம் அம்மாவின் பீரோவில். அம்மா வெளியே போனால் வாசலில் பூட்டு.

கட்டாய வேலையில் சிக்கியவர்களுக்கான உதவி எண் எங்கள் சுவரிலேயே ஒட்டியிருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் டீ குடிக்கப் போவேன். கூப்பிட்டேன். அந்த அம்மாவிடம் எதையும் காட்டிக்கொள்ள வேண்டாம், முதலில் அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள் என்றாள் எதிர்முனையில் இருந்தவள். ஒரு மணி நேரத்தில் ஆள் வரும், அதுவரை பின்பக்கம் ஒளித்து வைக்கிறேன் என்று இவளிடம் சொன்னேன்.

வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"தங்கச்சி அங்க இருக்காண்ணே. பதினாலு வயசு. நான் போகலன்னா அவள வேற எங்கயாவது மாத்திடுவாங்க. நான் திரும்பிப் போறேன். அவங்கள வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

வீடு எங்கே என்று அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிச் சீட்டில் அம்மா சொல்லி எழுதியிருந்த தெருவில் வீடே கிடையாது, எல்லாம் மரக்கடை. வீட்டைக் கண்டுபிடிக்க மிச்சம் இருந்தது அவர்கள் வந்த கார் எண். எங்கள் வாட்ச்மேன் வண்டி எண்களைக் கற்பனையில் எழுதுகிறவர். அவருடைய நோட்டைக் கதைப் புத்தகம் என்றுதான் கேலி செய்வோம். கதவைச் சற்றே திறந்து, இன்னொரு படம் பாக்கி, உட்காருங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மூடினேன். வாட்ச்மேனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் எழுந்து போய், அந்த அம்மா வந்த கார் நம்பரப் பாத்துச் சொல்லுங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சில்லாமல் போனார். அவர் படித்த எண்ணை உதவி எண்காரியிடம் இரண்டு முறை சொன்னேன். போலீஸோடு சாயங்காலத்துக்குள் போய்விடுவோம் என்றாள். பாக்கி என்று சொன்ன படத்துக்கு நான் பொத்தானை அழுத்தவே இல்லை.

மாவுக்கட்டு காயும்வரைகூட அம்மா பொறுக்கவில்லை. அடுத்த வாரம் கூட்டி வாருங்கள் என்று கட்டுப்போட்டவர் சொன்னதற்கு, நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றாள்.

கார்வரை போனேன். அந்தப் பெண் தானாகவே பின்சீட்டில் ஏறினாள். என்னைப் பார்க்கவில்லை. அம்மா கதவைச் சாத்திவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். நான்கு கதவுகளின் பூட்டுகளும் ஒன்றாக விழுந்தன.